பாசிக்குள்ள எட்டு போடற பொழப்பு

ஜூலை கடைசி வந்தா போதும், அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் ஊர் ஏரிங்க பூரா நாறிடும். மெண்டோட்டா, மோனோனா, வாபீசா, ஒண்ணு பாக்கியில்ல. ரெண்டு நாள் காத்தில்லாம வெயில் அடிச்சா முடிஞ்சுது கதை, நீலப்பச்சைப் பாசி உடம்புக்குள்ளயே குட்டி குட்டியா காத்துப் பை வச்சிருக்கறதால நேரா மேல மிதந்து வந்து கரையோரமா கெட்டியா படிஞ்சு கெடக்கும். கவுண்டி ஆளுங்க வந்து பீச்ல போர்டு மாட்டிட்டுப் போயிடுவாங்க, அவங்க வேலை அதோட சரி.

நான் போறது குளிக்க இல்ல, மஸ்கிங்கற பெரிய வேட்டை மீனைத் தூண்டில்ல பிடிக்க. வேற மீன்னா கூட சமாளிக்கலாம். பத்தாயிரம் காஸ்ட், அதாவது தூண்டில் வீச்சு, போட்டா ஒண்ணு மாட்டும்னு ஊரே சொல்ற மீன் இது, விஸ்கான்சினோட மாநில மீன் வேற. அது பொசுக்குனு வந்து கடிச்சிடாது. லூர்ங்கற போலி இரை பின்னாலயே போட் வரைக்கும் வரும், நின்னு ஒரு முறைப்பு முறைக்கும், பிடிக்கலன்னா திரும்பிப் போயிடும். அதுக்காகத்தான் ஒவ்வொரு காஸ்ட் முடிவுலயும் ராடு நுனியை தண்ணிக்குள்ள விட்டு, லைசென்ஸ் எடுக்க ஆர்டிஓ ஆபீஸ்ல போடுவோமே அந்த மாதிரி எட்டு போடணும். மீன் பின்னால வருதான்னு பாத்து, வேகத்தைக் கூட்டி கொறச்சு, வளைவுல அதைக் கடிக்க வைக்கணும், மஸ்கி ஆட்டமே அதுதான்யா. இப்ப என் லூரே ஒரு அடி ஆழத்துல எனக்குத் தெரியல, இதுல மீன் வந்துச்சா போச்சான்னு எவனுக்குத் தெரியும்? கண்ணைக் கட்டிட்டு எட்டு போட்டுட்டு நிக்கறேன்.

இதுக்கு நடுவுல அட்வைஸ் மன்னனுங்க. "கருப்பு பக்டெய்ல் (முடிக்குஞ்சம் வச்சு, சுத்தற ப்ளேடு மாட்டின லூர்) போடு ப்ரோ, பெரிய ப்ளேடு போடு, மஸ்கி கண்ணால மட்டும் வேட்டையாடாது, உடம்புப் பக்கவாட்டுக் கோட்டுல அதிர்வு தெரியும்." தெரியும்டா, எனக்கும் தெரியும். ப்ளேடு சுத்தினாத்தான அதிர்வு வரும்? நூல் பாசி சுத்திக்கிட்டு ப்ளேடே நின்னு போயிடுது, ஹூக் மூணுலயும் கொத்து கொத்தா தொங்குது, பின்னின தூண்டில் நூல்லேர்ந்து ரீலுக்குள்ள வரைக்கும் வழுவழுன்னு பிசின். காஸ்ட், கிளீன், காஸ்ட், கிளீன். இன்னொருத்தன் சொல்றான் காத்து வர்ற பக்கத்துக் கரைக்குப் போன்னு, பாசியை காத்து எதிர்க்கரைக்கு ஒதுக்கிடுமாம். சரின்னு நானும் அங்க போய் ட்ரோலிங் மோட்டாரை இறக்கற நேரம் பாத்து காத்து திசை மாறுது.

என்னைக் கடுப்பேத்தறதே "வெயில்காலம்னா பாசி வரத்தான் செய்யும், இயற்கைதானே"ங்கற டயலாக்தான். என்ன இயற்கை? ஒரு பவுண்டு பாஸ்பரஸ் 500 பவுண்டு பாசி வரைக்கும் வளர்க்கும்னு இந்த ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியும். ஊர்ச் சாக்கடைத் தண்ணியை 1958லயே ஏரிங்க பக்கம் வராம வேற ஓடைக்குத் திருப்பியாச்சு. புல்தரைக்குப் போடற பாஸ்பரஸ் உரத்துக்கு 2010ல தடையும் போட்டாச்சு. அப்புறமும் பச்சைன்னா எங்கேர்ந்து வருது? மெண்டோட்டாவுக்குத் தண்ணி வர்ற மேல்பக்கம் இருக்கறது பெரும்பாலும் விவசாய நிலம், மாட்டுப் பண்ணை. குளிர்காலத்துல உறைஞ்ச தரை மேல சாணியைக் கொட்டறாங்க, பனி உருகறப்பவும் பெரிய மழை பெய்யறப்பவும் அத்தனையும் ஓடைல இறங்கி ஏரிக்கு வந்துடுது. 1972 தூய நீர்ச் சட்டம் குழாய் வழியா கழிவு விடறவனைப் பிடிக்கும், வயல்லேர்ந்து வழிஞ்சு வர்றதை விட்டுடும். நல்லா இருக்குல்ல?

பத்தாததுக்கு 2009ல மெண்டோட்டால ஸ்பைனி வாட்டர் ஃப்ளீன்னு ஒரு முள்ளுவால் பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. பாசியை மேஞ்சுட்டு இருந்த டாஃப்னியாங்கற குட்டி நீர்ப்பூச்சியை அது தின்னு தீர்த்துடுச்சு, தண்ணி தெளிவு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கொறஞ்சு போச்சு. போட்டைக் கழுவாம ஏரிக்கு ஏரி இழுத்துட்டுப் போற மகராசனுங்களாலதான் இந்த மாதிரி சனியனெல்லாம் பரவுது.

சரி, இவ்வளவு கூத்தையும் தாண்டி ஒண்ணு மாட்டிச்சுன்னு வைங்க, அப்பவும் நிம்மதி கெடையாது. தண்ணி 80 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா மஸ்கிக்கு சண்டை போட்ட களைப்புலேர்ந்து மீள்றதே கஷ்டம், ராத்திரில பாசி வேற ஆக்சிஜனை இழுத்துக்கும். விட்டா நீந்திப் போற மாதிரிதான் போகும், அப்புறம் எங்கயாவது செத்து மிதக்கும். அதுக்காகவே விவரம் தெரிஞ்சவன் அந்த வெப்பத்துல மஸ்கிக்கு ராடே எடுக்க மாட்டான். பக்கத்து போட்ல ஒரு புண்ணியவான் மாட்டின மஸ்கியை வெளிய தூக்கிப் பிடிச்சு, தொப்பியைச் சரி பண்ணி, கண்ணாடியைக் கழட்டி, நாலு போஸ் குடுத்துட்டு இருக்கான். போடா டேய், முதல்ல அதைத் தண்ணில விடு!

"அக்டோபர்ல வா, தண்ணி தெளிஞ்சிடும், பெருசா மாட்டும்"னு சொல்லாதீங்க, அதுவும் தெரியும். அக்டோபர்ல வீட்ல விடணுமே. ஆடி மாசமே தினம் இந்த நாத்தத்தோட வந்து நிக்கறவனை குளிர்ல வேற அனுப்புவாங்களாக்கும்.