படையெடுத்து வரும் விடுதலை யாருக்குப் பதில் சொல்லும்?

எங்கேனும் ஒரு சர்வாதிகாரி தன் மக்களை நசுக்கும்போதெல்லாம், "வலிமையுள்ள நாடுகள் படையனுப்பி அந்த மக்களை விடுவிக்கக் கூடாதா?" என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர்களில் பலர் நல்ல மனது கொண்டவர்கள். சிறையில் வதைபடுகிறவர்களையும் தெருவில் சுடப்படுகிறவர்களையும் பார்த்துப் பொறுக்க முடியாமல் கேட்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. ஆனாலும் என் பதில் முடியாது என்பதுதான். வெளிநாட்டுப் படையால் கொலையை நிறுத்த முடியும். சில நேரங்களில் நிறுத்தியே ஆக வேண்டும். நிலைத்து நிற்கும் விடுதலையை அதனால் கொடுக்க முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நாட்டில் விடுதலை இருக்கிறதா என்று அறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆட்சியில் இருப்பவர் யாருக்கு அஞ்சுகிறார்? தன் குடிமக்களின் வாக்குக்கும், தன் நாட்டு நீதிமன்றத்துக்கும், தெருவில் திரளும் கூட்டத்துக்கும் அஞ்சினால் அங்கே விடுதலைக்கு உயிர் இருக்கிறது. அந்நியப் படையின் துணையோடு பதவிக்கு வந்தவர் அஞ்ச வேண்டியது அந்தப் படையை அனுப்பிய நாட்டின் தலைநகருக்கு. தன் மக்கள் கைவிட்டாலும் அவர் பிழைத்துக்கொள்வார். தலைநகர் கைவிட்டால் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

ஈராக்கை எடுத்துக்கொள்வோம். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. சதாம் உசேனின் சிலையைக் கவிழ்த்த காட்சியை உலகமே பார்த்தது. சதாம் ஒரு கொடுங்கோலன் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஹலப்ஜாவில் குர்து மக்கள்மீது நச்சுவாயு வீசிய ஆட்சி அது. ஆனால் சிலை விழுந்த அடுத்த மாதமே நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமர் பாக்தாத்தில் வந்து இறங்கி இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தார். சதாமின் பாத் கட்சியில் உயர்நிலை உறுப்பினர்களாக இருந்தவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது முதல் ஆணை. ஈராக் ராணுவத்தையே கலைத்தது இரண்டாவது. வேலைக்காகக் கட்சி அட்டை வாங்கிய ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். லட்சக்கணக்கான படைவீரர்கள் ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள். ஜூன் மாதத்தில் சம்பளம் கேட்டு பாக்தாத்தில் திரண்ட முன்னாள் வீரர்கள்மீது அமெரிக்கப் படையினர் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அந்த ஆணைகளை எதிர்த்து ஓர் ஈராக்கியர் எங்கே போய் முறையிட முடியும்? எந்த நீதிமன்றத்துக்கு, எந்த நாடாளுமன்றத்துக்கு? கையெழுத்திட்டவரை அந்த நாட்டில் எவரும் தேர்ந்தெடுக்கவில்லை, எவராலும் நீக்கவும் முடியாது.

இன்னொரு ஆணையும் இருந்தது, 17 என்ற எண்ணுடன். வெளிநாட்டுப் படைகளுக்கும் அவற்றோடு வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்களின் ஆட்களுக்கும் ஈராக் சட்டத்திலிருந்து அது விலக்களித்தது. இதன் விலை 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் தெரிந்தது. போக்குவரத்து நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள்மீது பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் தந்தையின் காரில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். ஈராக்கின் தலைநகரில், ஈராக் அரசின் கண்ணெதிரே நடந்த கொலை இது. அந்த அரசால் ஒருவரைக்கூடத் தன் நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 2014-இல் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். அந்தச் சிறுவனின் தந்தையிடம் போய், உங்கள் நாட்டுக்கு விடுதலை கொடுத்துவிட்டோம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஈராக்கில் தேர்தல்கள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. சதாம் காலத்தில் கனவிலும் காண முடியாத அளவுக்குப் பத்திரிகைகளும் கட்சிகளும் உண்டு. இதை மறுத்தால் நான் பொய் சொல்கிறவனாவேன். ஆனால் 2019 அக்டோபரில் பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட இளைஞர்கள் யார்? சிலை விழுந்தபோது பால்குடி மாறாதவர்களாக இருந்த தலைமுறை அது. பதவிகளை இன, மதப் பிரிவுகளுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும் அரசியலையும், அதில் ஊறிப்போன ஊழலையும் எதிர்த்து, "எங்களுக்கு ஒரு தாயகம் வேண்டும்" என்று முழங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரதமர் பதவி விலக நேர்ந்தது. ஈராக்கில் விடுதலை என்று நான் மதிப்பது அந்தச் சதுக்கத்தில் நடந்ததைத்தான். அதை எந்த விமானமும் கொண்டுவந்து இறக்கவில்லை.

ஆப்கானிஸ்தானின் கதை இன்னும் கசப்பானது. 2014 அதிபர் தேர்தலில் இரு தரப்பும் வெற்றி தனக்கே என்றன. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி காபூலுக்குப் பறந்து வந்து பேரம் பேசி, அரசியலமைப்பில் இல்லாத ஒரு பதவியை உருவாக்கி, இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். உயிரைப் பணயம் வைத்து வரிசையில் நின்று வாக்களித்த மக்கள் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? பிறகு 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆப்கான் அரசு அந்த மேசையில் இல்லை. அதன் சிறைகளில் இருந்த 5,000 தாலிபான் கைதிகளை விடுவிப்பது மட்டும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது! ஒரு நாட்டின் விடுதலையைக் குறித்த பேச்சில் அந்த நாட்டுக்கே நாற்காலி இல்லையென்றால், அது முதலிலிருந்தே யார் கையில் இருந்தது? 2021 ஆகஸ்ட் 15 அன்று, அமெரிக்கப் படையின் கடைசி விமானம் புறப்படும் முன்பே காபூல் விழுந்துவிட்டது. சோவியத் படை 1989-இல் விட்டுச் சென்ற நஜிபுல்லா அரசுகூட மூன்றாண்டுகள் தாக்குப்பிடித்தது.

இந்த இடத்தில் உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: ஜெர்மனியும் ஜப்பானும்? நேர்மையான மறுப்பு இது. நேச நாட்டுப் படைகள் இல்லாமல் நாஜி ஆட்சி விழுந்திருக்காது, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படைகள் அங்கே வெறும் நிலத்தில் வந்து இறங்கவில்லை. ஜெர்மனிக்கு, ஹிட்லருக்கு முந்தைய வெய்மர் குடியரசின் நாடாளுமன்ற அனுபவம் இருந்தது. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமரான அடெனவர், ஹிட்லர் வரும்வரை கொலோன் நகரின் மேயராக இருந்தவர். அவரை எதிர்த்து நின்ற சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷூமாகர் நாஜி வதைமுகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து மீண்டவர். நாட்டின் அடிப்படைச் சட்டத்தை 1949-இல் எழுதி முடித்தவர்கள் ஜெர்மானியர்கள். ஜப்பானிலும் அப்படித்தான். 1946 ஏப்ரல் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள், 39 பெண்கள் வென்றார்கள். அமெரிக்கத் தளபதியின் கொடை என்று இதைச் சொல்வோர் உண்டு. இச்சிகாவா ஃபுசேயும் அவருடைய தோழிகளும் 1920-களிலிருந்தே பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி வந்ததை அவர்கள் சொல்வதில்லை. கேட்டு வாங்க ஆட்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள்.

இதே ஜெர்மனியின் மறுபாதியையும் மறந்துவிடக் கூடாது. பாசிசத்திலிருந்து விடுவித்தோம் என்று சொல்லித்தான் சோவியத் படையும் கிழக்கில் தங்கியது. 1953 ஜூன் 17 அன்று தொழிலாளர்கள் எழுந்தபோது அதே படையின் டாங்கிகள் அவர்களை அடக்கின. கிழக்கு ஜெர்மானியர்களுக்கு விடுதலை எப்போது வந்தது? 1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் நகரத் தெருக்களில் சுமார் 70,000 பேர் ஆயுதமின்றி நடந்தபோது வந்தது. அந்த நாள்களில் வெளிநாட்டுப் படை செய்த ஒரே நல்ல காரியம், முகாமைவிட்டு வெளியே வராமல் இருந்ததுதான்.

தமிழில் இதைப் பற்றி எழுதிக்கொண்டு 1987-ஐத் தாண்டிப் போக முடியாது. ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்த இந்தியப் படையை மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கிவிட்டது. அந்த மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த படையினரால் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளுமாக 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு நவம்பரில் மாகாண சபைத் தேர்தல் நடத்தினார்கள். வடக்கில் வாக்குப்பதிவே இல்லை, உறுப்பினர்கள் போட்டியின்றி வந்தார்கள். 1990 மார்ச்சில் படை கப்பலேறியது. அந்தச் சபையின் முதலமைச்சரும் அதே மாதம் தீவைவிட்டு வெளியேறினார். படையோடு வந்த நிர்வாகம் படையோடு போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் உயிரும், கணக்கில் சரியாக வராத தமிழ் மக்களின் உயிரும் திரும்பி வரவில்லை.

என் கருத்தையே உலுக்கிப் பார்க்கும் எடுத்துக்காட்டு கம்போடியா. கெமர் ரூஜ் ஆட்சி நான்காண்டுக்கும் குறைவான காலத்தில் 15 லட்சத்துக்கும் அதிகமானோரைச் சாகடித்தது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னுக்குள் நுழைந்து அதை முடித்து வைத்தது. வியட்நாமின் நோக்கம் தன் எல்லையைக் காப்பதும் தன் செல்வாக்கை நிறுவுவதும்தான். இருந்தாலும் அன்று வயல்களில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் படை வந்ததே வாழ்வு. வந்திருக்கக் கூடாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இறையாண்மையின் பேரால் அதைக் கண்டித்து, ஐ.நா. சபையில் கம்போடியாவின் இருக்கையைக் கொலைகாரர்களின் தரப்புக்கே பல ஆண்டுகள் விட்டுவைத்த நாடுகள் வெட்கப்பட வேண்டும். ஆனால் விடுதலை? வியட்நாமின் ஆதரவோடு 1985-இல் பிரதமரான ஹுன் சென், 1993-இல் ஐ.நா. நடத்திய தேர்தலில் அவர் கட்சி இரண்டாம் இடத்துக்குப் போன பிறகும் பதவியைவிட்டு இறங்கவில்லை. பதிவுபெற்ற வாக்காளர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வந்து சொன்ன தீர்ப்பு அது. 2017-இல் முக்கிய எதிர்க்கட்சி கலைக்கப்பட்டது, அடுத்த ஆண்டுத் தேர்தலில் 125 இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின. 2023-இல் மகன் ஹுன் மானெட் பிரதமரானார். உயிர் பிழைத்தார்கள். உரிமை வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

லிபியாவில் அந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே செய்தார்கள். 2011 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு அவை அனுமதித்தது பொதுமக்களைக் காப்பதற்கு. பெங்காசி நகரத்து மக்களுக்கு அப்போது ஆபத்து உண்மையாகவே இருந்தது. ஆனால் சில வாரங்களுக்குள் காக்கும் பணி ஆட்சியைக் கவிழ்க்கும் பணியாக மாறியது. அக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்பட்டார், மாத இறுதியில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ மூட்டை கட்டியது. 2014-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 2021 டிசம்பருக்குக் குறித்திருந்த அதிபர் தேர்தல் நடக்கவே இல்லை. அடுத்த முறை எங்கோ ஒரு நகரம் முற்றுகையில் சிக்கி உண்மையிலேயே காப்பாற்றச் சொல்லிக் கதறும்போது, பாதுகாப்பு அவையில் கையை உயர்த்த யார் துணிவார்கள்? லிபியாவில் காட்டிய பேராசைக்கு அந்த மக்களும் விலை கொடுக்கிறார்கள்.

வங்கதேசத்தைச் சொல்லி என்னை மடக்கலாம். 1971-இல் இந்தியப் படை உள்ளே போனது, ஒரு நாடு பிறந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் படை போவதற்கு முந்தைய ஆண்டே அந்த மக்கள் வாக்குப் பெட்டியில் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். கிழக்கு பாகிஸ்தானின் 169 இடங்களில் 167 முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சிக்குப் போயின. அவர்களின் விடுதலைப் படையான முக்தி வாகினி மாதக்கணக்கில் களத்தில் நின்றது. வென்ற படை 1972 மார்ச்சில் வெளியேறியது. அவ்வளவும் சரியாக அமைந்தும்கூடக் கிடைத்தது நாடுதான். 1975-இல் ஒற்றைக் கட்சி ஆட்சி, அதே ஆண்டு முஜிபுர் ரஹ்மான் படுகொலை, பிறகு ராணுவ ஆட்சிகள். 1990-இல் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாதை இறக்கவும் 2024-இல் ஷேக் ஹசீனாவை விரட்டவும் டாக்காவின் தெருக்களில் மாணவர்கள்தான் இறங்க வேண்டியிருந்தது.

மீட்க வந்ததாகச் சொல்லும் படையை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, போ என்றால் போகிறதா என்பதுதான். 2020 ஜனவரி 5 அன்று ஈராக் நாடாளுமன்றம் வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. குர்து, சன்னி உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதில் கலந்துகொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் வாஷிங்டனின் பதில் அதைப் பற்றியதாக இல்லை. இதுவரை கண்டிராத பொருளாதாரத் தடை விதிப்போம் என்று டிரம்ப் மிரட்டினார். தாங்கள் உருவாக்கியதாகப் பெருமை பேசிய நாடாளுமன்றத்துக்கே அந்த மிரட்டல்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 1994-இல் ருவாண்டாவில் சுமார் 100 நாள்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டபோது, அங்கிருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது பாதுகாப்பு அவை. அது மன்னிக்க முடியாத குற்றம். இனப்படுகொலை நடக்கும் இடத்துக்குப் படை போக வேண்டும், கொலையை நிறுத்த வேண்டும், திரும்ப வேண்டும். அரசியலமைப்பு எழுதவும் ஆள் நியமிக்கவும் உட்கார்ந்துவிடக் கூடாது.

விடுதலைக்கு உதவ வேறு வழிகள் உண்டு, எதுவும் குண்டு வீசுவதுபோல் வேகமானதல்ல. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்க 1977-இல் ஐ.நா. தடை போட்டது. விடுதலை வர 1994 ஆனது, வந்தது அந்த மக்களின் போராட்டத்தால். சர்வாதிகாரிகளுக்கு ஆயுதம் விற்பதையும், அவர்கள் கொள்ளையடித்த பணத்துக்கு வங்கிகளில் இடம் கொடுப்பதையும் இன்றே நிறுத்தலாம், ஒரு சிப்பாயைக்கூட அனுப்பத் தேவையில்லை. ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டுகளில் இரண்டு லட்சம் கோடி டாலருக்கும் மேல் செலவழித்தார்கள். அங்கே இன்று பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுகிறது, 2022 டிசம்பரிலிருந்து பல்கலைக்கழகமும் இல்லை. அந்தப் பெண்களை விடுவிக்கத்தான் போனோம் என்று சொன்ன நாடுகள் ஒவ்வொன்றும் அவர்களுக்கு விசாவும் கல்லூரியில் இடமும் கொடுக்கட்டும். தாலிபானின் அனுமதி வேண்டாத இணையவழிப் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கட்டும். எல்லை தாண்டி வந்துவிட்டவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்கட்டும்.