கவலைப்பட்டாலே மனநோயா? அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

"கவலை, பயம், பதற்றக் கோளாறு மூன்றும் ஒன்றே. தினமும் கவலைப்படுபவருக்கு மனநோய் தொடங்கிவிட்டது" என்றொரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

சந்து முனையில் நாய் குரைத்துப் பாய்ந்தால், யோசிக்கும் முன்பே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அது பயம். எதிரே இருக்கும் ஆபத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. கவலைக்கு எதிரே எதுவும் இருக்க வேண்டியதில்லை. மகளுக்குக் கல்லூரியில் சீட் கிடைக்குமா, கிடைத்தால் ஃபீஸுக்கு என்ன செய்வது, கடன் வாங்கினால் எப்படி அடைப்பது என்று நடு ராத்திரியில் மனசுக்குள் ஓடும் கணக்கு அது. விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு முன்பே போட வைப்பதும் பல நேரம் அதுதான்.

பதற்றக் கோளாறுகளில் ஒரு வகையான பொதுப் பதற்றக் கோளாறு என்பது வேறு. மனநோய்களைக் கண்டறியப் பயன்படும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, பல விஷயங்களைப் பற்றிய அளவுமீறிய, அடக்க முடியாத கவலை குறைந்தது 6 மாதம், பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். கூடவே தூக்கக் கெடுதல், தசை இறுக்கம், எரிச்சல், சோர்வு போன்றவற்றில் சிலவும் சேர்ந்து, கடும் வேதனை தரவோ அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவோ வேண்டும். இதை மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும், வாட்ஸ்அப் அல்ல!

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் பதற்றக் கோளாறுகள் பற்றிய பக்கத்தில் நீங்களே சரிபார்க்கலாம். நிஜமாகவே தாங்க முடியவில்லை என்றால் மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.