அந்த டாக்டரம்மா வாட்சைப் பார்த்தது எதற்கு?

ரெண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த வீடியோதான். எந்த வீடியோ என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொன்ன ஒரு இளவயசு டாக்டரம்மாவை, பிள்ளையைப் பெத்தவர் திட்டிக்கொண்டே எடுத்த வீடியோ. எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே அந்தப் பொம்பளப் பிள்ளையின் முகத்தை ஜில்லாவே பார்த்துவிட்டது, அது போதும். "பச்சப்பிள்ளைக்குக் காய்ச்சலு, ஒரு ஆன்டிபயாடிக் கூட தராம வெறும் பாராசிட்டமால குடுத்து வெரட்டுதா, கேட்டா வாட்ச பாத்துக்கிட்டு இருக்கா" என்று மேலே எழுதி ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெரு குரூப்பில் நேற்று ராத்திரி ஒருத்தர் "இதுகளுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா" என்று போட்டார். கீழே வரிசையாகக் கைதட்டல். கைதட்டியவர்களில் என்னோடு படித்தவர்களும் உண்டு.

வீடியோவை முதலில் இருந்து பாருங்கள். வசவு ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னால், எல்லாரும் தள்ளிவிட்டுப் போகிற அந்த இடத்தைப் பாருங்கள். டாக்டரம்மா பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சையும் வாட்சையும் மாறி மாறிப் பார்க்கிறார். பேசவில்லை. உதடு மட்டும் அசைகிறது. அவர் மூச்சை எண்ணுகிறார்!

ஒரு வயதில் இருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இருமலோடு மூச்சு நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவோ என்று சந்தேகப்பட வேண்டும். ரெண்டு மாசத்தில் இருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50. பிள்ளை அழாமல் இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொடுத்திருக்கிற முறை இது. எக்ஸ்ரே இல்லாத இடத்தில், இருமலோடு வருகிற பிள்ளைகளில் யாருக்கு ஆன்டிபயாடிக் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்ப்பது அந்த ஒரு நிமிஷத்தில்தான். அந்த நிமிஷத்தைத்தான் "வாட்ச பாத்துக்கிட்டு இருக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். அப்புறம்தான் வேண்டாம் என்றார். திரும்பவும் சொல்கிறேன், பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார். பிள்ளையைத் தொட்டுப் பார்க்காமலே அஞ்சு மாத்திரை எழுதித் தருகிறவரை நாம் கைராசிக்காரர் என்கிறோம்.

நான் டாக்டர் இல்லை. பார்மசி படித்துவிட்டு இந்தத் தாமிரபரணிக் கரையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "பாப்பா, தடுமத்துக்கு ஒரு செட்டு குடு." தடுமம் என்றால் ஜலதோஷம். செட்டு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, அதோடு 'பவரா' ஒன்று. அந்தப் பவர் மாத்திரை அசித்ரோமைசினாக இருக்கும், இல்லையென்றால் செஃபிக்சிம். ரெண்டுமே ஆன்டிபயாடிக். சில கடைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் உள்ளே கிடக்கும். பேப்பர் கவரில் கலந்து போட்டுக் கொடுத்தால் தின்பவருக்கு எது என்ன என்று தெரியாது.

டாக்டர் சீட்டு கொண்டு வாங்க என்றால் முகம் மாறிவிடும். "ஓனர் இல்லியா பாப்பா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒரு ஆச்சி, எனக்கு ரொம்பப் பிரியமான ஆச்சிதான், "ஏட்டி, காசு குடுத்துதான கேக்கேன், ஓசிக்கா கேக்கேன்?" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். அதற்குப் பிறகு என் கடைப்பக்கமே வருவதில்லை. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது, அது தனி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சளி, தடுமம், தொண்டைக் கரகரப்பு, இருமல், இதில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. தடுமம் அடங்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இருமல் மூணு வாரம் வரைக்கும் இழுக்கும். மாத்திரை போட்டாலும் அதே மூணு வாரம்தான். 2012ல் கடையநல்லூர் பக்கம் டெங்கு எப்படி ஆட்டியது என்று மறந்திருக்க மாட்டீர்கள். அதுவும் வைரஸ்தான். அன்றைக்கு ஆட்களைக் காப்பாற்றியது குளுக்கோஸ் பாட்டிலும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்த நர்சுகளும். எந்தப் பவர் மாத்திரையும் டெங்குவைத் தீர்க்கவில்லை.

"எனக்கு அசித்ரோமைசின் போட்ட மூணாவது நாளே தொண்டை கேட்டுச்சே" என்று கமெண்டில் வரப்போகிறீர்கள். கேட்டிருக்கும். தொண்டை வலி பொறுக்க முடியாமல் போகிற அன்றைக்குத்தான் மாத்திரை வாங்க வருகிறோம். அதற்கு மேல் அது தானாக இறங்குகிற நேரம். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது.

இன்னொரு கேள்வி உண்மையிலேயே நியாயமானது, அதைத் தட்டிவிட மாட்டேன். முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர் பக்கம் பீடி சுற்றுகிற பொம்பளைகள் கேட்பார்கள், "ரெண்டு நாளு படுத்துக் கெடந்தா எந்தட்டுக்கு இலை வெட்டி யாரு சுத்துவா?" என்று. நான் பீடித் தட்டு பக்கத்திலேயே வளர்ந்தவள், அந்த அவசரம் எனக்குத் தெரியும். மாத்திரை போட்டால் ஒரு நாள் முன்னாடி எழுந்திரிக்கலாம் என்றால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். எழுந்திரிக்க முடியாது அக்கா. வைரஸ் தடுமத்துக்கு அது ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்காது. காசும் போய், வயித்தாலயும் போகும், அவ்வளவுதான். காய்ச்சல் மாத்திரை, வெந்நீர், உப்புத் தண்ணியில் தொண்டை அலசுதல், படுக்க முடிந்தால் படுக்கை. இதைச் சொன்னால் வைத்தியமே பார்க்கவில்லை என்கிறீர்கள்.

"தொண்டை நோவைக் கவனிக்காம விட்டா இதய வால்வு போயிருமே?" என்று விவரம் தெரிந்த ஒருத்தர் எழுதியிருந்தார். உண்மை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருகிற தொண்டைப்புண்ணை விட்டுவிட்டால் வாதக் காய்ச்சல் வரலாம், வால்வு கெடலாம். பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து அதிகம், நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. அதனால்தான் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். காய்ச்சல் இருந்து, இருமல் இல்லாமல், டான்சிலில் வெள்ளையாகச் சீழ் படிந்து, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி வலித்தால் சந்தேகம் கூடும். அப்போது பென்சிலினோ அமாக்சிசிலினோ எழுதுவார்கள், அதுவும் 10 நாள் முழுசாக. கடையில் மூணே மூணு பவர் மாத்திரை வாங்கிப் போடுவது அந்த வால்வையும் காப்பாற்றாது. வீடியோவில் இருக்கிற பிள்ளை மூக்கு ஒழுக இருமிக்கொண்டே இருக்கிறான், சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

இப்போது என் அம்மா கதையைச் சொல்ல வேண்டும். வீட்டு விஷயத்தை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடியோ எழுத வைத்துவிட்டது.

அம்மாவுக்குச் சுகர் உண்டு. பீடி சுற்ற உட்கார்ந்தால் தட்டை இறக்கி வைக்க மாட்டாள். எழுந்திரிக்க வேண்டி வரும் என்று தண்ணியும் குடிக்க மாட்டாள். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். என்னிடம் சொல்லக் கூச்சம். பக்கத்தில் ஒரு கடையில் போய்க் குசுகுசுவென்று சொன்னால் மாத்திரை கிடைத்துவிடும். ரெண்டு நாள் போடுவாள், எரிச்சல் அடங்கியதும் மிச்சத்தை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிடுவாள். வருஷக்கணக்காக இது நடந்திருக்கிறது. ஒரு ஐப்பசி மழையில் குளிர் ஜுரம், பல் கிட்டும் நடுக்கம், விலாவில் வலி. பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்கிற கல்ச்சர் ரிப்போர்ட் வந்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஈ.கோலை என்று கிருமியின் பெயர் மேலே. கீழே ஒரு பக்கம் மருந்துகளின் பெயர், எதிரே ஆர் அல்லது எஸ். ஆர் என்றால் கேட்காது, எஸ் என்றால் கேட்கும். சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். நார்ஃப்ளாக்சசின் ஆர். செஃபிக்சிம் ஆர். செஃப்ட்ரியாக்சோன் ஆர். நான் கடையில் தினமும் எடுத்துக் கொடுக்கிற பெயர்கள் எல்லாம் வரிசையாக ஆர், ஆர், ஆர். நைட்ரோஃபுரான்டாயினுக்கு எஸ் இருந்தது. ஆனால் அது மூத்திரப்பைக்குத்தான் ஆகும், சிறுநீரகம் வரை ஏறிய கிருமிக்கு ஆகாது. கடைசியில் மெரோபெனெம் ஊசி, நரம்பு வழியாக, நாளுக்கு மூணு தடவை. படித்தவள் நான்தானே, என்னிடம்தான் விளக்கினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அப்பா, "எதாவது நல்ல மாத்திரையா எழுதச் சொல்லும்மா" என்றார். நல்ல மாத்திரை என்று வாயால் விழுங்க ஒன்றுகூட மிச்சமில்லை என்று அப்பாவிடம் எப்படிச் சொல்ல? அம்மா தேறிவிட்டாள். செயின் அடகுக் கடையில் இருக்கிறது.

இதைச் சொன்னால் "அது உங்கம்மா அரைகுறையா தின்னதால" என்பீர்கள். அப்படி ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தேவையில்லாமல் போடுகிற ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் நம் குடலில் இருக்கிற சாதுவான பாக்டீரியாக்களைக் கொன்று, மருந்துக்கு மசியாதவற்றை வளர விடுகிறது. அவை கை வழியாக, தண்ணி வழியாக, பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கை வழியாக அடுத்தவருக்குப் போகும். நான் மாத்திரையே தொட்டதில்லை என்கிறவருக்கும் வரும். 2019ல் மட்டும் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் செத்திருக்கிறார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016ல் தொடங்கிய, மருந்துக்கு மசியாத டைபாய்டில், வாயால் விழுங்க மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதே அசித்ரோமைசினைத்தான் நாம் தடுமத்துக்குக் கேட்கிறோம். நாளைக்கு நம்ம ஊரில் டைபாய்டு வந்தால் எதை எடுத்துக் கொடுப்பேன்?

"மெடிக்கல் ஷாப்புக்காரியே யோக்கியம் பேசுதா" என்று ஒருத்தர் நிச்சயம் வருவார். வாருங்கள். பல ஆன்டிபயாடிக்குகள் எச்1 அட்டவணை என்ற சட்டப் பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் அந்த அட்டவணையில் இருக்கும் மருந்தைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, சீட்டுக்குக் கொடுத்தாலும் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். வந்து பாருங்கள். எல்லாக் கடையும் எழுதுகிறதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அவர்களுக்காக நான் பேசவும் இல்லை. புளியரை தாண்டினால் கேரளாவில் 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்று ஆரம்பித்துச் சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் சோதனை போட்டார்கள். அது இங்கேயும் வரட்டும், முதலில் என் கடைக்கே வரட்டும்.

கோழிக்கும் ஆன்டிபயாடிக் போடுகிறானே என்பவர்களுக்கு, கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழித் தீவனத்தில் 2019ல் தடை செய்தாகிவிட்டது. மற்றதையும் தடுக்கட்டும். அதற்காக நம்ம பிள்ளைக்குத் தேவையில்லாததைக் கொடுக்கலாம் என்று ஆகாது.

எனக்கு இதில் மாத்திரையை விடப் பெரிசாக உறுத்துவது வேறு. அந்த இடத்தில் நரைத்த மீசையோடு ஒரு பெரிய டாக்டர் உட்கார்ந்து "ஒண்ணும் வேண்டாம்டே, போ" என்று சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசுப் பொம்பளப் பிள்ளை அதையே பொறுமையாக விளக்கிச் சொன்னால் "நீ எல்லாம் எதுக்குப் படிச்ச?" என்று கேட்கிறீர்கள். வெளியே அவ்வளவு பேர் காத்திருக்கும்போது, எதையாவது எழுதிக் கொடுத்து உங்களை அனுப்புவது அவருக்கு அரை நிமிஷ வேலை. விளக்கியதற்குத்தான் நேரம் பிடித்தது. வீடியோ முடிகிற இடத்தில் அந்த டாக்டர் பிள்ளை தலையைக் குனிந்து அடுத்த சீட்டை எடுக்கிறது, கை நடுங்குகிறது. நானும் கவுன்டரில் அப்படி நின்றிருக்கிறேன். இனிமேல் அந்த டாக்டரம்மா என்ன செய்வார்? கேட்கிறவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவார். பக்கத்து ஊர் டாக்டர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள், அவர்களும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். "எதுக்கு வம்பு" என்று நினைத்து எழுதப்படும் ஆன்டிபயாடிக்தான் நம் ஊரில் அதிகம் என்று நான் கவுன்டருக்குப் பின்னால் இருந்து பார்க்கிறேன்.

வீடியோ எடுத்த அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. பிள்ளை காய்ச்சலோடு இருக்கும்போது பெத்தவருக்கு வருகிற பதற்றம் எனக்குப் புரியும். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், தண்ணிகூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காய்ச்சல் மூணு நாளைத் தாண்டினால் திரும்பப் போய்க் காட்டுங்கள். அதே டாக்டரிடமே காட்டுங்கள், உங்கள் பிள்ளையின் மூச்சை எண்ணிப் பார்த்தவர் அவர். மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள். எங்கள் தெரு குரூப் அட்மின் அண்ணே, நீங்களும்தான்.