லென்ஸ் நிறத்தைச் சேர்ப்பதில்லை, கழிக்கிறது

லென்ஸுக்கென்று தனி நிறம் உண்டா என்று எங்கள் ஒளிப்படக் குழுவில் மூன்று நாட்களாக நடந்துகொண்டிருக்கும் சண்டையை நண்பர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால், அதைத் தொடங்கிவைத்த இரண்டு படங்களையும் இங்கே மறுபடி போடப்போவதில்லை. ஒரே மரத்தடி, ஒரே பெண், ஒரே நீல உடை. இடப்பக்கம் புது லென்ஸில் எடுத்தது, வலப்பக்கம் பழைய லென்ஸில் எடுத்தது. மேலே, பழைய லென்ஸைப் புகழ்ந்து, "நிறம் என்றால் இதுதான், கண்ணிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தீர்ப்பு. அதன் கீழே, படம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் எழுதியது ஒரு கேள்வியும் ஒரு வேண்டுகோளும் மட்டுமே. இரண்டு படங்களுக்கும் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் கேமரா அமைப்பு) ஒன்றாக வைக்கப்பட்டதா, ஆட்டோவில் விடப்பட்டதா என்று கேட்டேன். கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்புகளைப் பகிர முடியுமா என்று வேண்டினேன். அதற்கு வந்த பதில்களில் பாதியை வீட்டாருக்குக் காட்ட முடியாது. "ஸ்பெக்ட்ரம் வாத்தியார்" என்ற பட்டம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது மிகச் சிறிய விஷயம். லென்ஸ் எந்த நிறத்தையும் சேர்ப்பதில்லை. வருகிற ஒளியிலிருந்து கொஞ்சத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை, கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு அனுப்புகிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு கழிக்கிறது என்பதில் லென்ஸுக்கு லென்ஸ் வேறுபாடு உண்டு. கனமான ஃபிளின்ட் வகைக் கண்ணாடிகள் நீலத்தின் கடைக்கோடியைச் சற்று விழுங்கிவிடும். அதனால் அவற்றின் வழியே வரும் படம் வெதுவெதுப்பாகத் தெரியும். மேலே பூசப்பட்ட மெல்லிய பூச்சு எந்த நிறத்தை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறதோ, அந்த நிறம் உள்ளே அவ்வளவுக்குக் குறையும். ஆகவே லென்ஸுக்கு நிறம் உண்டு என்பவர்கள் சொல்வது உண்மைதான். நான் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் எடுத்து, கேமராவே திருத்திச் சேமித்த இரண்டு ஜேபெக் படங்களை வைத்து அதை நிறுவ முடியாது என்று மட்டும்தான் சொன்னேன்.

ஏன் முடியாது? ஆட்டோவில் விட்ட கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாக ஒரு ஊகம் செய்கிறது. காட்சியில் நீலம் குறைவாக இருப்பதாகத் தோன்றினால் நீலத்தை ஒரு எண்ணால் பெருக்கி ஏற்றிவிடுகிறது. லென்ஸ் கழித்த நீலமும் அந்தக் கணக்கிலேயே நேராகிவிடும். அதாவது லென்ஸின் சாயலைப் பார்க்கப்போகிறோம் என்று கிளம்பி, அந்தச் சாயலை அழிக்கும் வேலையைக் கேமராவிடமே ஒப்படைத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு ஊகங்களை நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சூரியனை ஒரு மேகம் மறைத்திருந்தால் கதை முடிந்தது. வலப்பக்கப் படத்தில் நிழல் எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு மங்கலாக விழுந்திருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? நான் பார்த்தேன். சொன்னேன். சிரித்தார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கும் இன்னொரு கூட்டத்தையும் கவனிக்க வேண்டும். "லென்ஸுக்கு நிறமே கிடையாது, எல்லாம் எடிட்டில் வருவதுதான்" என்று அடித்துப் பேசும் இவர்கள், நான் இவர்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டு என் கேள்விக்குக் கைதட்டினார்கள். ஐயா, நான் உங்கள் கட்சி இல்லை. லென்ஸின் நிறப் பங்களிப்பை அளப்பதற்கென்றே 1983-இல் ஐஎஸ்ஓ 6728 என்ற சர்வதேசத் தரம் வெளியானது. நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று எண்களால் ஒரு லென்ஸின் சாயலை அது குறிக்கிறது. 0/5/4 என்பது அதில் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்ட அளவு. இல்லாத ஒன்றை அளக்க யாரும் தரம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தவர்களுக்குப் பிறகு திருத்திக்கொள்ளும் வசதி இல்லை. படம் எப்படி விழுந்ததோ அப்படியே திரையில் தெரியும். லென்ஸை மாற்றியதும் முகத்தின் நிறம் மாறினால் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார். அதனால்தான் தயாரிப்பாளர்கள் தங்கள் வரிசையிலுள்ள எல்லா லென்ஸ்களும் ஒரே சாயலில் இருக்கும்படி பூச்சுகளைச் சரிக்கட்டினார்கள். இன்றைக்கும் சினிமா ஒளிப்பதிவாளர்கள் சாயல் பொருந்திய லென்ஸ்களைத் தொகுப்பாகவே கேட்டு வாங்குகிறார்கள். அவர்களெல்லாம் எடிட் செய்யத் தெரியாதவர்களா?

ஒயிட் பேலன்ஸ் எதைத் திருத்தும், எதைத் திருத்தாது என்பதில்தான் இந்த இரண்டு கூட்டங்களும் ஒன்றாக வழுக்கி விழுகின்றன. ஒயிட் பேலன்ஸ் செய்வது பெருக்கல். லென்ஸ் முழுப்படத்திலும் சீராகக் கழித்ததைப் பெருக்கி ஏறக்குறைய மீட்டுவிடலாம். ஆனால் லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சம் படத்தின்மேல் ஒரு மெல்லிய வெண்திரையாக வந்து விழும்போது அது கூட்டல். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு லென்ஸுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத 10 கண்ணாடிகளுக்கு 20 பரப்புகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பாதிக்கும் குறைவான ஒளிதான் மறுபக்கம் போய்ச் சேரும். திரும்பியதில் ஒரு பகுதி உள்ளேயே மோதி மோதிக் கடைசியில் சென்சாரில் கண்ட இடத்தில் இறங்கும். ஒரு சிவப்புப் பூவுக்குச் சிவப்பு 200, பச்சை 20, நீலம் 20 என்று பதிவாக வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் 20 கூடினால் 220, 40, 40. பத்துக்கு ஒன்றாக இருந்த விகிதம் ஐந்தரைக்கு ஒன்றாக இறங்கிவிடுகிறது; பூ வெளுத்துப்போகிறது. "இந்த லென்ஸின் நிறம் மென்மையானது", "அந்த லென்ஸின் நிறம் அடர்த்தியானது" என்று நாம் உருகுவதில் பெரும்பங்கு இந்தக் கணக்குத்தான். 1935-இல் ஜெர்மன் லென்ஸ் நிறுவனமான ஜெய்ஸில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றதும், பின்னர் பல அடுக்குப் பூச்சுகள் வந்ததும் நிறத்தின் வரலாற்றிலும் பெரிய நிகழ்வுகள் என்று நான் சொல்வது இதனால்தான். லென்ஸ் எதையாவது சேர்க்கிறது என்றால் இந்த அழுக்கு வெளிச்சத்தைத்தான் சேர்க்கிறது. மற்றபடி அது கழிக்கிறது.

லென்ஸின் துவாரத்தை எஃப்/1.4 அளவுக்கு முழுதாகத் திறந்து எடுக்கும்போது ஃபோகஸுக்கு முன்னால் மஜந்தாவும் பின்னால் பச்சையும் ஒட்டிக்கொள்வதும் லென்ஸின் வேலைதான். அதையும் ஒயிட் பேலன்ஸ் தொடாது. 

இனி, என்னை மடக்குவதற்காகக் குழுவில் ஒருவர் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் பக்கத்தில் நானே எழுதிய வரி அது: "சித்தப்பாவின் லென்ஸுக்கு மாலை வெயிலைத் தெரியும்." அதைத் தோண்டியெடுத்துப் போட்டு, "அன்றைக்கு வாத்தியார் கிரே கார்டு வைத்திருந்தாரா?" என்று (நிறத்தைச் சரிபார்க்க வைக்கும் சாம்பல் அட்டை அது) கேட்டவருக்கு நூற்றுக்கணக்கானோர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அவர்களில் என்னோடு சேர்ந்து படமெடுக்க வந்தவர்கள் நான்கு பேர். எழுதியது நான்தான், மறுக்கவில்லை. அன்றைக்கு நான் நம்பியதும் அதைத்தான்.

சித்தப்பா போன பிறகு அவருடைய பெட்டியிலிருந்து என் கைக்கு வந்த 50 மி.மீ. லென்ஸ் அது. அதில் முதலில் எடுத்தது அம்மாவின் முகம். அந்தப் படத்தில் இருந்த பொன்னிறத்தை வேறெந்த லென்ஸிலும் நான் பார்த்ததில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் துடைப்பதற்காகக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்தபோது, கண்ணாடிக்கு அடியில் தாள் பழுப்பு மஞ்சளாகத் தெரிந்தது. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளியை வளைக்கும் திறனை, உயர்த்துவதற்காக 1940-கள் முதல் 1970-கள் வரை சில லென்ஸ்களின் கண்ணாடியில் கதிரியக்கமுள்ள தோரியம் டைஆக்சைடு கலந்தார்கள். கோடாக்கின் ஏரோ எக்டார், டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4-இன் சில பதிப்புகள் எல்லாம் அந்த வகைதான். தோரியத்தின் கதிர்வீச்சு பல ஆண்டுகளில் அந்தக் கண்ணாடியையே மஞ்சளாக்கிவிடுகிறது. நான் மாலை வெயில் என்று எழுதியது கண்ணாடியின் நோய். லென்ஸ் நீலத்தைத் தின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பொன் என்று பாடிக்கொண்டிருந்தேன்.

புற ஊதா ஒளி பட்டால் அந்த மஞ்சள் குறையும். பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடி ஜன்னலோரத்தில் சில வாரங்கள் வைத்தேன், பெரும்பகுதி போய்விட்டது. பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில், ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் ஒளிக்கான 5500 கெல்வினில் நிறுத்தி அம்மாவை மறுபடி எடுத்தேன். நிறம் தெளிவாக இருந்தது, பொன் இல்லை. அதன் ஒரு பிரதியைக் கணினியில் வெதுவெதுப்பாக்கி, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, எது சித்தப்பா லென்ஸின் பழைய படம் என்று அம்மாவிடம் கேட்டேன். "எதுவாக இருந்தால் என்ன, இரண்டிலும் எனக்கு வயதாகித்தான் தெரிகிறது" என்றார். எனக்கும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, என்னைக் கேலி செய்ய அந்த வரியைத் தோண்டிய நண்பரே, நீங்கள் எடுத்துப் போட்டது என் கட்சிக்கான சாட்சி.

"எண்களை வைத்துக்கொண்டு கலை செய்ய முடியாது" என்கிறீர்கள். நான் எப்போது செய்தேன்? மஞ்சளான லென்ஸில் எடுப்பது பிடித்திருந்தால் எடுங்கள், யார் தடுத்தார்கள்? உங்கள் படம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் என் முதல் வரியில் எழுதியிருந்தேன். அதை மட்டும் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. "என் கண் பார்க்கிறது, அது போதும்" என்றார் இன்னொருவர். நம் கண்ணுக்குள் இருப்பதும் ஒரு லென்ஸ்தான். வயதாக ஆக அதுவும் மஞ்சளாகும், மூளை அதைச் சத்தமில்லாமல் நேராக்கிக்கொண்டே இருக்கும். ஓவியர் மோனே 1923-இல் கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு, உலகம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று முறையிட்டார். வாழ்நாளெல்லாம் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கே அந்த நிலை. நம் கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதும் துணிச்சல் எனக்கில்லை. பழைய லென்ஸ் கிடைக்காத பொறாமையில் பேசுகிறேன் என்பவருக்கு: என்னிடம் ஒன்று இருக்கிறது, இப்போதுதான் அதைப் பற்றிச் சொன்னேன்.

எனக்கு வலித்தது கேலி இல்லை. அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், கிரே கார்டு என்றால் என்ன என்று என் கமெண்டின் கீழே கேட்டிருந்தான். நான் பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தேன்: இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் அட்டையை வை, கெல்வினை ஒரே எண்ணில் நிறுத்து, வெளிச்சம் மாறுவதற்குள் லென்ஸை மாற்று, ராவில் எடு, பிறகு அட்டையின் மூன்று எண்களையும் படித்துப் பார், லென்ஸ் எதைக் கழித்தது என்று அதுவே சொல்லும். பதிவிடும் பொத்தானை அழுத்தியபோது என் கமெண்டோடு சேர்த்து அவனுடைய கேள்வியும் நீக்கப்பட்டிருந்தது. குழுவின் அமைதியைக் குலைக்கிறேனாம்.

தம்பி, நீ இதைப் படித்தால், உனக்கு எழுதிய பதில் மேலே இருக்கிறது. ரா கோப்புகள் இன்னும் வரவில்லை.