கடல் தண்ணி குடிக்கிற பேரிங்

பாய், கயிறு, நங்கூரம் எல்லாம் பளபளன்னு இருக்கும். படகைச் சுமக்கிற டிரெய்லரோட சக்கரத்தைச் சுழல விடுற பேரிங்கை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியா மண்டபம் வரை வெயிலில் ஓடின ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கிற சக்கரத்தோட நடுக்கூடு, கொதிச்சுக் கிடக்கும். வந்த வேகத்தில் கடலுக்குள் இறக்கினா, உள்ளே இருக்கிற காத்து சட்டுனு சுருங்கி, கிரீஸ் வெளியே வராம அடைக்கிற ரப்பர் வளையம், அதான் ஆயில் சீல், அது வழியா உப்புத் தண்ணியை உறிஞ்சிடும். அரை மணி நேரம் ஆற விட்டா கடல் வத்தியா போயிடும்? அதுக்குள்ள பாய்மரத்தை நிமிர்த்திக் கட்டிடலாமே.

கிரீஸ் விஷயம் அதைவிடக் கொடுமை. கைக்குக் கிடைச்சதை மேலாக்க அப்பிட்டு அனுப்பிடுறாங்க. பழைய கிரீஸை டீசல்ல கழுவி, ஈரம் போகத் துடைச்சு, உப்புத் தண்ணி தாங்குற கிரீஸை உள்ளங்கையில வச்சு, பேரிங் உருளைகளுக்கு நடுவுல பிதுங்கி வர்ற வரை அழுத்தணும். ஹப்பைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, அப்புறம் லேசா தளர்த்தி, நட்டு கழலாமப் பிடிச்சுக்கிற புது ஸ்பிலிட் பின் போடணும். பழைய பின்னையே நிமிர்த்திச் சொருகுற சிக்கனம் இருக்கே, அடடா!

கரையேத்தினதும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. வழியில டீக்கு நிறுத்தும்போது ஹப்பைத் தொட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாம சுட்டா அந்தப் பேரிங் போச்சு. ஸ்டெப்னி டயர் அதுக்கு உதவாது. கிரீஸ் அடைச்ச ஹப் ஒண்ணு, சீல், பின் எல்லாம் கூடவே வரணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி பார்த்திபனூர் பக்கம் எந்தக் கடையைப் போய்த் தட்டுறது?