டபுள் கெப்பா ஜீப்பா: திருகோணமலைக்காரருக்கு என் பதில்

2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததில் இருந்து, ஊரில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பின்னால் திறந்த பெட்டி உள்ள ஹைலக்ஸ் போன்ற டபுள் கெப் எடுப்பதா, பிராடோ ஜீப் எடுப்பதா, இல்லை சின்ன ஜிம்னி ஜீப்பே போதுமா? நான் திருப்பிக் கேட்பது, பின்னால் என்ன கொளுவப் போகிறீர்கள் என்று. ஒன்றுமில்லை, பெட்டியில் பாரமும் ஏற்ற மாட்டேன் என்றால், தயவுசெய்து டபுள் கெப் வாங்காதீர்கள். இதற்குச் சண்டைக்கு வருபவர்கள் வரலாம், என் கருத்து மாறாது.

டபுள் கெப்பின் பின் அச்சில் இருக்கிற ஸ்பிரிங் பிளேட் ஏறக்குறைய ஒரு தொன் பாரத்தை நினைத்துச் செய்தது. வெறும் பெட்டியோடு கிறவல் ரோட்டில் ஓடினால் அது என்ன செய்யும் என்பது பின் சீற்றில் இருக்கிற அம்மாவின் இடுப்புக்குத்தான் தெரியும். மழை நேரம் பாரமில்லாத பின் டயர் சும்மா வழுக்கும். நாலு சில்லும் இழுக்கிற ஃபோர் வீலைப் போட்டால் சரிதானே என்பார்கள். சேற்றில், மணலில் சரி. ஆனால் ஹைலக்ஸில் முன் அச்சையும் பின் அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற நடு டிஃபரன்ஷியல் கிடையாது, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலோடு திருப்பினால் கியர் தொகுதி முழுக்க முறுகும். பிராடோ எப்போதும் நாலு சில்லிலும் ஓடுவது, நடு டிஃபரன்ஷியல் உண்டு, பின்னால் காயில் ஸ்பிரிங். மொன்டேரோ ஜீப்பின் சூப்பர் செலக்ட் என்கிற ஃபோர் வீல் முறையிலும் நடு டிஃபரன்ஷியல் உண்டு, தார் ரோட்டிலும் பயமில்லாமல் ஃபோர் வீலில் விடலாம். குடும்பத்தோடு ஓடுவதற்கு இவைதான் வாகனம்.

படகு இழுக்கிறவருக்கு என் பதில் வேறு. அங்கே டபுள் கெப்தான், யோசிக்கவே வேண்டாம். ஹைலக்ஸின் சில்லுகளுக்கு இடையில் 3,085 மில்லிமீற்றர், 150 வகை பிராடோவில் 2,790. அந்த நீளம் டிரெய்லர் ஆட்டத்தைத் தாங்கும். ஆனால் இப்போதைய டபுள் கெப் விளம்பரங்களில் போடுகிற 3,500 கிலோ என்பது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாவிட்டால் பெரும்பாலும் 750 கிலோதான். நம்ம பக்கம் கராஜில் ஒட்டி எடுக்கிற படகு டிரெய்லரில் பிரேக்கை நான் கண்டது குறைவு. ஃபைபர் படகு, எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, டிரெய்லரின் இரும்பு என்று கூட்டிப் பாருங்கள், 750 எங்கேயோ போய்விடும். அதோடு கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் போகும்போது யானை குறுக்கே நின்றால் என்ன செய்வீர்கள்? அந்த இடத்தில் குதிரைவலு உதவாது, பிரேக் மட்டும்தான் உதவும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. டிரெய்லரின் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று கொளுக்கியில் அழுத்த வேண்டும். படகின் எஞ்சின் தொங்குவது கடைசியில், அதனால் பாரம் பின்னுக்குப் போய் முன்பக்கம் இலேசாகிவிடும், வேகம் கூடக் கூட டிரெய்லர் வாலாட்டும். படகை முன்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் டிரெய்லரின் அச்சைப் பின்னுக்கு மாற்றிப் பொருத்துங்கள்.

காட்டுப் பாதைக்கு, குளக்கட்டுக்கு, மூதூர் வெருகல் பக்கத்து வயல் பாதைக்கு? ஜிம்னி. நான் ஆசையாகச் சொல்லவில்லை, ஏறக்குறைய 1,100 கிலோ எடை, முன்னும் பின்னும் ஒரே துண்டான முழு அச்சு, மெதுவாக ஆனால் கூடிய இழுவையோடு ஏற லோ கியர், 4.9 மீற்றர் ஆரத்தில் வளையும். ஹைலக்ஸ் வயிறு தட்டி நிற்கிற வரம்பை இது ஏறி இறங்கும். ஆனால் நாலு பேர் ஏறினால் சாமான் வைக்க இடமில்லை, படகு இழுக்கிற எண்ணமே வேண்டாம். குச்சவெளிப் பக்க மணலில் எந்த வாகனமானாலும் முதல் வேலை டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது. அதைச் செய்யாத பிராடோவை லேண்ட் மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வந்து இழுத்ததைக் கண்டிருக்கிறேன். திரும்ப நிரப்ப ஒரு சின்னக் கம்பிரசர் வாங்கி வையுங்கள்.

டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு ஹொண்டா வெசல் போன்ற சின்ன வாகனம் தாராளம். சந்தைப் பக்கம் ஹைலக்ஸ் போன்ற 5.3 மீற்றர் வாகனத்தை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். அதை ஜீப் என்று நினைத்துச் சேற்றில் இறக்காவிட்டால் போதும், லோ கியர் இல்லை.

அப்புறம் பழைய டபுள் கெப் பார்க்கிறவர்களுக்கு. கடற்கரையோர ஊர்களில் ஓடியது என்றால் படகு இறக்கிய வாகனமாக இருக்கலாம், உப்புத் தண்ணீரில் அடிப்பக்கம் கறள் பிடித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பதைப் பார்க்காதீர்கள். லிப்டில் ஏற்றி, ஸ்பிரிங் பிளேட் கொளுவுகிற இடம், பின் அச்சுக்கு மேலே சசி என்கிற அடிச்சட்டத்தின் உட்பக்கம், பிரேக் பைப் மூன்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு பூசியிருந்தால் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தட்ட விடமாட்டேன் என்றால் அந்த வாகனம் வேண்டாம்.