ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளை அவர் பாடினபடியே போடுங்கள்

நவராத்திரி வருகிறது. திருகோணமலையில் கும்பத்துமால், அதாவது நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் பந்தல், போடும் வேலைகளைப் பற்றிப் பெடியள் கதைக்கத் தொடங்கியிருப்பார்கள். என்ன பாட்டுப் போடுவது என்ற கதையும் கூடவே வரும். அதற்கு முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல் தொகுப்பை டிஜே அடி கலந்த ரீமிக்ஸில் போடாதீர்கள். அவர் பாடினபடியே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் போடுங்கள்.

எங்களில் பலருக்கு அந்தத் தொகுப்பு வெறும் கோயில் சத்தம். கசெட் காலத்திலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதால் அதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை.

'செல்லாத்தா'வை எடுங்கள். தோப்பில் பறித்த தேங்காய், கறந்த பசும்பால் என்று வீட்டில் இருப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு மாரியாத்தாவைத் தேடி வருகிறவர்களின் பாட்டு அது. ஈஸ்வரி அதில் கெஞ்சவே மாட்டார். படலையில் நின்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிடுகிற உரிமை அந்தக் குரலில் இருக்கும்.

அப்புறம் 'கற்பூர நாயகியே'. எனக்குத் தொகுப்பின் உயிரே இந்தப் பாட்டுத்தான். சிவகாமி, விசாலாட்சி, மீனாட்சி என்று அம்மனை ஒவ்வொரு பேராகச் சொல்லி அழைக்கிறார். போகப் போக அம்மன் காற்றாகிறாள், கனலாகிறாள், கடலாகிறாள். நிலமும் பயிரும் உணவும் ஆகிறாள். தோற்றாலும் வென்றாலும் அவள்தான், தொழுதாலும் அழுதாலும் அவள்தான் என்று ஓர் இடம் வரும். வேறு யாராவது என்றால் அழுகை வருகிற இடத்தில் குரலை உடைத்திருப்பார்கள். ஈஸ்வரி உடைக்கவில்லை. தோல்விக்கும் வெற்றிக்கும் ஒரே கனம் கொடுத்து, அதே நடையில் கடந்து போகிறார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. எங்கள் அம்மம்மாமார் அந்த அடி வரும்போது வேலையை விட்டுவிட்டு நின்றது சும்மா இல்லை.

சங்கீதம் தெரிந்த ஒருவர் என்னிடம், "அது சினிமாக் கூத்துக் குரல், பக்திக்குச் சரிவராது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கோரஸ் பாடி வளர்ந்து, 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் தனிக்குரலாக வந்தவர் ஈஸ்வரி. 1961இல் 'வாராய் என் தோழி'. 1968இல் 'எலந்தப் பயம்'. 1972இல் 'காதோடுதான் நான் பாடுவேன்'. அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டவருக்குத் தெரியும், மூச்சை எவ்வளவு அடக்கி ஆளத் தெரிந்தவர் என்று. அதே மூச்சுத்தான் அம்மன் பாட்டிலும் இருக்கிறது. சினிமாவில் படித்த வித்தை முழுவதையும் கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறார், அதில் என்ன குறை?

அவருடைய இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பம். காளி கோயிலும் குவாடலூப்பே மாதா கோயிலும் இருக்கிற எங்கள் ஊரில் யாரும் அதைப் புதினமாக எடுக்க மாட்டார்கள் என்பதால் இதை நீட்டவில்லை.

ரீமிக்ஸ் என்ன செய்கிறது என்றால், பல்லவியை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. வேகத்தைக் கூட்டினால் ஈஸ்வரியின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிடும். அடிக்கு மேல் அடி விழும்போது சொல் ஒன்றும் விளங்காது. நான் மேலே சொன்ன அந்தச் சரணம் எத்தனை ரீமிக்ஸில் இருக்கிறது, பாருங்கள்.

கும்பம் வீதிக்கு வருகிற இரவில் ஆட்டத்துக்கு அடி வேண்டும், சரி. அதற்கு மேளமும் உடுக்கும் இருக்கின்றன. மற்ற நாட்களில், பூசைக்கு முதல் ஒரு மணித்தியாலம் இந்தத் தொகுப்பை முழுசாக ஓட விடுங்கள். ஸ்பீக்கரை வீதிப் பக்கம் திருப்பாமல் மாலுக்குள் திருப்பி, பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கக்கூடிய சத்தத்தில் வையுங்கள். நல்ல பதிவு இல்லாதவர்கள் கேளுங்கள், என்னிடம் இருப்பதைத் தருகிறேன்.